எல்இடின்னு விக்கிறதெல்லாம் எல்சிடிதான், அத பெட்டிமேலயே போடச் சொல்லுங்க

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

பண்டிகை வந்தா உங்க பேப்பர்ல முழுப்பக்கத்துக்கு டிவி விளம்பரம் வருது, எல்இடி, க்யூஎல்இடி, மினி எல்இடி, ஓஎல்இடி, 4கே, எச்டிஆர்னு பெரிய பெரிய எழுத்துல போடுறாங்க, பக்கத்துலயே விலை, மாசத் தவணை, பழைய டிவிக்கு எக்ஸ்சேஞ்ச் எவ்வளவு, கூட என்ன ஃப்ரீ, எல்லாம் இருக்கு. ஆனா உள்ள இருக்கிறது என்ன பேனல், அதுக்குப் பின்னாடி லைட் எங்க வச்சிருக்காங்க, அந்த லைட் எவ்வளவு பிரகாசம், இதப் பத்தி ஒரு வரி கூட கிடையாது. நான் கோவில்பட்டில டிவி சர்வீஸ் கடை வச்சிருக்கேன், பிக்சர் ட்யூப் காலத்துல இருந்து இதே வேலைதான். புது டிவி வாங்கப் போறதுக்கு முன்னாடி "அண்ணே, எது எடுக்கலாம்?"னு கேட்டுட்டு போறவங்க கொஞ்சம் பேரு, வாங்கி ரெண்டு வருஷம் கழிச்சு தூக்கிட்டு வந்து "எல்இடின்னுதானே அண்ணே சொல்லி குடுத்தாங்க, நீங்க எல்சிடிங்கிறீங்க"ன்னு கேக்குறவங்கதான் நிறைய. அவங்க ஏமாந்தவங்க இல்ல, அவங்களுக்கு யாரும் சொல்லல, அவ்வளவுதான். அதுக்காகத்தான் இந்த கடிதம், கொஞ்சம் நீளமா இருந்தாலும் தயவுசெஞ்சு போடுங்க.

மொத விஷயம், இன்னைக்கு கடைல எல்இடி டிவின்னு விக்கிறது எல்லாமே எல்சிடி டிவிதான். எல்சிடி பேனலுக்கு சொந்தமா வெளிச்சம் கிடையாது, பின்னாடி இருந்து வர்ற வெளிச்சத்த விடுறது, மறைக்கிறது, அந்த வேலை மட்டும்தான் அது பாக்குது, ஜன்னல் கதவு மாதிரி. முன்னெல்லாம் பின்னாடி மெல்லிசா ட்யூப்லைட் மாதிரி பாதரசம் உள்ள குழல் விளக்கு வரிசையா இருக்கும், 2009 வாக்குல அந்த விளக்க எடுத்துட்டு எல்இடி பல்ப வச்சாங்க, உடனே டிவியோட பேரே எல்இடி டிவின்னு ஆயிடுச்சு. பேனல் மாறல, பின்னாடி பல்பு மட்டும்தான் மாறுச்சு. அதனால நல்லது நடந்துச்சு, கரண்டு கொறஞ்சுது, டிவி மெல்லிசாச்சு, பாதரசம் போச்சு, அத நான் இல்லைன்னு சொல்லல. ஆனா பேரு வேற டெக்னாலஜி மாதிரி கேக்குது பாருங்க, அதுதான் பிரச்சினை. இங்கிலாந்துல விளம்பரங்கள கண்காணிக்கிற அமைப்பு 2009லயே ஒரு கம்பெனியோட எல்இடி டிவி விளம்பரத்த பாத்துட்டு, ஸ்க்ரீனே எல்இடியால ஆனதுன்னு மக்கள் நினைச்சுக்குவாங்க, எல்இடி பேக்லைட்டுக்கு, அதாவது பின்னாடி இருக்கிற விளக்குக்கு மட்டும்தான்னு தெளிவா சொல்லணும்னு தீர்ப்பு சொல்லிருச்சு. நம்ம ஊர்ல அந்த பேரு இன்னைக்கும் அப்படியே ஓடிட்டு இருக்கு, அதுமேல க்யூ ஒன்னு, மினி ஒன்னுன்னு வேற சேந்துருச்சு.

என் டேபிள்ல ஒரு 43 இஞ்ச் டிவிய பிரிச்சா என்ன இருக்கும்னு சொல்றேன், இத பாத்தவங்களுக்கு அப்புறம் கடைல யாரு என்ன சொன்னாலும் குழப்பம் வராது. டிவிய குப்புற போட்டு பின் மூடிய கழட்டுனா பவர் போர்டு, மெயின் போர்டு ரெண்டும் தெரியும், அத விட்டுருங்க. திருப்பி வச்சு முன்னாடி பிரேம எடுத்துட்டு மேல இருக்கிற கண்ணாடி மாதிரி பேனல ரெண்டு பேரா சேந்து மெதுவா தூக்கணும், அதோட ஓரத்துல மெல்லிசா பிலிம் ஒயர் ஒட்டியிருக்கும், அதுல ஒன்னு கிழிஞ்சா டிவி அவ்வளவுதான். அந்த பேனல எடுத்து வெளிச்சத்துல பிடிச்சா கருப்பு கண்ணாடி மாதிரி இருக்கும், அதுதான் எல்சிடி. அதுக்கு கீழ மெல்லிசான பிளாஸ்டிக் ஷீட்டு ரெண்டு மூணு, அதுக்கு கீழ வெளிச்சத்த சமமா பரப்புற கெட்டியான வெள்ளை தட்டு, எல்லாத்துக்கும் அடியில தகரத்துல ஒட்டுன எல்இடி ஸ்ட்ரிப்பு, ஒவ்வொரு பல்பு மேலயும் பட்டன் மாதிரி ஒரு லென்ஸ். டைரக்ட் லைட் டிவின்னா இதுதான். பல்பெல்லாம் சீரியல் கனெக்ஷன், ஒன்னு போனா வரிசையே போயிரும், அப்பதான் "சவுண்டு வருது படம் வரல"ன்னு கொண்டு வருவாங்க. ரூம் லைட்ட அணைச்சுட்டு ஸ்க்ரீன்ல டார்ச் அடிச்சு பாத்தா உள்ள படம் மங்கலா ஓடிட்டு இருக்கிறது தெரியும், பேனல் உயிரோடதான் இருக்கு, பின்னாடி வெளிச்சம் இல்ல. எல்இடி டிவிங்கிறது எல்சிடிதான்ங்கிறதுக்கு இதுக்கு மேல சாட்சி வேணாம். பெரும்பாலும் ஸ்ட்ரிப்ப மாத்துனா சரியாயிரும், பேனல் போனாதான் புது டிவி விலை வந்துரும்.

இதுல இன்னொரு வகை இருக்கு, எட்ஜ் லைட். பல்பு பின்னாடி பரவலா இருக்காது, கீழ் ஓரத்துலயோ பக்கவாட்டுலயோ ஒரே வரிசையா இருக்கும், ஒரு அக்ரிலிக் தட்டு வழியா வெளிச்சத்த ஸ்க்ரீன் முழுக்க தள்ளி விடுவாங்க. டிவி விரல் கனத்துக்கு மெல்லிசா இருக்கும், சுவத்துல மாட்டுனா பாக்க நல்லாயிருக்கும், சேல்ஸ்மேன் அததான் மொதல்ல காட்டுவாரு. ஆனா எல்லா பல்பும் ஒரே ஓரத்துல நெருக்கமா இருக்கிறதால சூடு அங்கயே சேருது, நாளாவட்டத்துல அந்த தட்டு வளைஞ்சோ விரிஞ்சோ போயி ஒரு மூலை வெள்ளையா, ஒரு மூலை மங்கலா ஆயிரும். என் டேபிளுக்கு வர்றத வச்சு மட்டும் நான் இத சொல்லல, கனடாவுல ஆர்டிங்ஸ்னு ஒரு டெஸ்டிங் நிறுவனம் 100 டிவிய வருஷக்கணக்கா ஓட விட்டு பாத்தாங்க, அதுலயும் எட்ஜ் லைட் செட்டுதான் இந்த விஷயத்துல அதிகமா அடி வாங்குச்சு. நம்ம ஊரு வெயிலுக்கு, மத்தியானம் ஃபேன் காத்தே சூடா வர்ற வீட்டுக்கு, மெல்லிசா இருக்கிறதுக்காக காசு கூட குடுக்காதீங்கன்னு நான் யாரு கேட்டாலும் சொல்லுவேன். கொஞ்சம் தடிமனா இருக்கிற டைரக்ட் லைட் செட்டு நல்லா ஓடும், போனாலும் சரி பண்ணலாம்.

க்யூஎல்இடிக்கு வர்றேன், அதிகமா குழப்புற பேரு இதுதான், ஏன்னா கேக்கும்போது ஓஎல்இடி மாதிரியே இருக்கு. 2017ல இருந்து இந்த பேரு பெருசா ஓடுது. இதுவும் எல்சிடிதான், சந்தேகமே வேணாம். பின்னாடி வெள்ளை பல்புக்கு பதிலா நீல பல்பு, அதுக்கு மேல குவாண்டம் டாட்னு ரொம்ப ரொம்ப சின்ன துகள் கலந்த ஒரு ஷீட்டு, நீல வெளிச்சம் அதுல பட்டா சில துகள் பச்சையாவும் சில துகள் சிவப்பாவும் ஒளி விடும், துகளோட அளவு மாறுனா கலரு மாறும், சின்னதா இருந்தா பச்சை, கொஞ்சம் பெருசா இருந்தா சிவப்பு, எல்லாமே ஒரு மில்லிமீட்டர்ல லட்சத்துல ஒரு பங்கு அளவுக்குள்ளதான். இந்த துகள கண்டுபிடிச்சு செஞ்சு காட்டுனதுக்காக பவெண்டி, ப்ரூஸ், எகிமோவ்னு மூணு பேருக்கு 2023ல வேதியியல் நோபல் பரிசு குடுத்தாங்க, அந்த அளவுக்கு பெரிய விஞ்ஞானம் அது, அந்த ஷீட்டுனால சிவப்பும் பச்சையும் நிஜமாவே சுத்தமா வருது. பட்டுப்புடவை கலரு, கோயில் கொடை அலங்காரம், இதெல்லாம் பக்கத்து பக்கத்துல சாதா எல்இடியோட வச்சு பாத்தா வித்தியாசம் தெரியும். ஆனா கருப்பு? கருப்பு அதே சாம்பல்தான், ஏன்னா பின்னாடி லைட் எப்பவும் எரிஞ்சுட்டே இருக்கு. கலரு நல்லாயிருக்கிறதுக்கு ரெண்டாயிரம் மூவாயிரம் கூட குடுக்கலாம், தப்பில்ல. இது வேற லெவல் டெக்னாலஜி, ஓஎல்இடிக்கு சமம்னு சொல்லி பத்தாயிரம் பதினஞ்சாயிரம் கூட கேட்டா குடுக்காதீங்க.

அடுத்து யாருமே சொல்லாத ஒரு விஷயம், எல்சிடி பேனல்லயே ஐபிஎஸ், விஏன்னு ரெண்டு வகை இருக்கு. ஐபிஎஸ் பேனல்ல பக்கவாட்டுல இருந்து பாத்தாலும் கலரு மாறாது, ஆனா கருப்பு வெளுத்து தெரியும், கான்ட்ராஸ்ட், அதாவது கருப்ப விட வெள்ளை எத்தனை மடங்கு வெளிச்சம்ங்கிறது, ஆயிரம் மடங்கு பக்கத்துல இருக்கும். விஏ பேனல்ல கருப்பு நல்லாயிருக்கும், கான்ட்ராஸ்ட் மூவாயிரத்துக்கு மேல போகும், ஆனா நேர உக்காந்து பாத்தாதான், கொஞ்சம் தள்ளிப்போனா வெளிறிப்போகும். நம்ம வீட்ட நினைச்சு பாருங்க, ஹாலு நீளமா இருக்கும், டிவி ஒரு சுவத்துல, சோபால ரெண்டு பேரு, பாயில பசங்க, வாசப்படில தாத்தா, அம்மா அடுப்படி நிலைப்படில நின்னு காய் நறுக்கிக்கிட்டே சீரியல் பாப்பாங்க, அவங்களுக்கு டிவி பாதி பக்கவாட்டுலதான் தெரியும். அந்த வீட்டுக்கு ஐபிஎஸ் எடுத்தாதான் எல்லாரும் ஒரே படத்த பாப்பாங்க. புதுசா கல்யாணம் ஆன ரெண்டு பேரு, ராத்திரி லைட்ட அணைச்சுட்டு நேரா உக்காந்து படம் பாக்குறாங்கன்னா விஏ எடுக்கலாம். இதுதான் ஒரு வீட்டுக்கு உண்மைல முக்கியமான தேர்வு, ஆனா பெட்டிய நாலு பக்கமும் திருப்பி பாத்தாலும் இந்த எழுத்து பெரும்பாலும் இருக்காது, சேல்ஸ்மேன கேட்டா "சார் இது ஏ பிளஸ் கிரேடு பேனல்"ம்பாரு, அப்படி சொன்னா அதுல ஐபிஎஸ்ஸா விஏவான்னு எங்க இருக்கு?

ஓஎல்இடிதான் நிஜமாவே வேற டெக்னாலஜி. பின்னாடி லைட்டே கிடையாது, ஒவ்வொரு புள்ளியும் தானே எரியும், கருப்பு வேணும்னா அந்த புள்ளி அணைஞ்சிரும், அவ்வளவுதான், அதனால கருப்பு நிஜமான கருப்பா இருக்கும். கோடாக் கம்பெனில சிங் டாங், வான் ஸ்லைக்னு ரெண்டு பேரு 1987ல இதுக்கான வழிய எழுதி வெளியிட்டாங்க, 2007ல 11 இஞ்ச்ல மொத டிவி கடைக்கு வந்துச்சு, 2013ல 55 இஞ்ச் வந்துச்சு. ஒரு மழை ராத்திரி சீன், இருட்டுல ஒரு முகத்துல மட்டும் விளக்கு வெளிச்சம் விழுதுன்னு வைங்க, அத ஓஎல்இடில பாத்தவங்களுக்கு வேற டிவில பாக்க மனசு வராது, பக்கவாட்டுல பாத்தாலும் மாறாது. நான் பாத்ததுலயே நல்ல படம் அதுதான், அதுல எனக்கு ரெண்டாவது கருத்து இல்ல. ஆனாலும் நம்ம ஊர்ல எல்லா வீட்டுக்கும் அத எடுங்கன்னு நான் சொல்ல மாட்டேன், காரணம் விலை மட்டும் இல்ல, நம்ம டிவி பாக்குற விதம்.

நம்ம நியூஸ் சேனல பாருங்க, மேல மூலைல லோகோ, கீழ சிவப்பு பட்டை, அதுக்கு கீழ ஓடுற எழுத்து, பக்கத்துல பிரேக்கிங் பெட்டி, இதெல்லாம் காலைல இருந்து ராத்திரி வரைக்கும் அதே எடத்துல அசையாம நிக்கும். ஓஎல்இடில எரியறது ஆர்கானிக் பொருள், எரிய எரிய தேயும், நீலம் எல்லாத்தையும் விட சீக்கிரம் தேயும், ஒரே எடத்துல ஒரே பட்டை நாள் முழுக்க எரிஞ்சா அந்த எடம் மட்டும் கூட தேஞ்சு, வேற சேனல் மாத்துனாலும் அந்த பட்டையோட நிழல் அப்படியே நிக்கும், அதுதான் பர்ன் இன். நான் மேல சொன்ன அதே ஆர்டிங்ஸ்காரங்க 2018ல ஒரே மாதிரி ஆறு ஓஎல்இடி செட்ட வாங்கி ஒன்னுல நியூஸ், ஒன்னுல விளையாட்டு, ஒன்னுல வீடியோ கேம்னு ஓட விட்டாங்க, சிஎன்என்ங்கிற அமெரிக்க நியூஸ் சேனல் முழு பிரைட்னஸ்ல ஓடுன செட்டுலதான் பட்டையும் லோகோவும் நல்லா பதிஞ்சு போச்சு, மாறி மாறி வர்ற படம் ஓடுன செட்டுல அந்த அளவுக்கு வரல. அப்புறம் வந்த பேனல்ல இது கொறஞ்சிருக்கு, இல்லாம போகல. சலூன், டீக்கடை, ஆஸ்பத்திரி வரவேற்பு, எலக்சன் நேரத்துல நாள் முழுக்க நியூஸ் ஓடுற வீடு, இங்கெல்லாம் ஓஎல்இடி வேணவே வேணாம். வாரண்டி கார்ட பொறுமையா படிச்சு பாருங்க, பதிஞ்சு போறதுக்கு பெரும்பாலும் வாரண்டி கிடையாது.

இதுல நம்ம பழக்கம் ஒன்னு சேருது. டிவி பாத்து முடிச்சா ரிமோட்ல அணைக்கிறதோட விடமாட்டோம், சுவத்துல சுவிட்சையும் அணைப்போம், கரண்டு மிச்சம், பிள்ளைங்களுக்கும் அப்படித்தான் சொல்லி வளத்திருக்கோம், எல்சிடிக்கு அது நல்ல பழக்கம்தான். ஓஎல்இடிக்கு அது ஆகாது, ஏன்னா நாலு மணி நேரம் போல ஓடுன அப்புறம் ரிமோட்ல அணைச்சதும் அது தனக்குத்தானே ஒவ்வொரு புள்ளியும் எவ்வளவு தேஞ்சிருக்குன்னு அளந்து சரி பண்ணிக்கும், அதுக்கு கொஞ்ச நேரம் கரண்டு வேணும், சுவிட்ச அணைச்சா அந்த வேலை நடக்காது. இத வாங்குறப்ப ஒரு ஆளு சொல்லி குடுத்தா டிவி எத்தனையோ வருஷம் கூட உழைக்கும். இடி மின்னல் நேரத்துல மட்டும் பிளக்க புடுங்குங்க, கேபிள் ஒயரையும் சேத்து புடுங்குங்க, அது எந்த டிவியா இருந்தாலும்.

மினி எல்இடி சாதா எல்சிடிக்கும் ஓஎல்இடிக்கும் நடுவுல நிக்குது. எல்சிடிதான், ஆனா பின்னாடி பெரிய பல்பு கொஞ்சம் வைக்கிறதுக்கு பதிலா ரொம்ப பொடிசான பல்ப ஆயிரக்கணக்குல வச்சு, அத பகுதி பகுதியா பிரிச்சு, படம் இருட்டா இருக்கிற பகுதில மட்டும் பல்ப மங்கலாக்குவாங்க, அதுக்கு பேரு லோக்கல் டிம்மிங். 2019 வாக்குல கடைக்கு வந்துச்சு, 2021ல பெரிய கம்பெனிங்களும் எடுத்துக்கிட்டாங்க. ஜன்னல் பெருசா இருக்கிற ஹாலு, பகல்ல கிரிக்கெட் பாக்குறவங்க, கிரவுண்டே ஸ்க்ரீன் முழுக்க பச்சையா வெளிச்சமா இருக்கணும், அந்த மாதிரி முழு ஸ்க்ரீனும் வெளிச்சம் கேக்குற எடத்துல ஓஎல்இடி கொஞ்சம் அடங்கிரும், நல்ல மினி எல்இடி அடங்காது. ஆனா எத்தனை பகுதியா பிரிச்சிருக்காங்கங்கிறதுலதான் எல்லாமே இருக்கு. பகுதி கம்மியா இருந்தா கருப்பு ஸ்க்ரீன்ல வெள்ளை எழுத்து வரும்போது எழுத்த சுத்தி வெளிச்சம் கசியும். அந்த எண்ணிக்கை ஒரு மாடல்ல நூறுக்கு பக்கத்துல இருக்கும், இன்னொரு மாடல்ல ஆயிரத்த தாண்டும், ரெண்டுக்கும் பேரு மினி எல்இடி, ரெண்டு பெட்டிலயும் அதே எழுத்து. ரிப்பேர் பத்தியும் சொல்லிடறேன், எங்கள மாதிரி ஊர்ல சின்ன கடை வச்சிருக்கவங்களால சாதா ஸ்ட்ரிப்ப மாத்த முடியும், மினி எல்இடி பலகைல வேலை பாக்குறது கஷ்டம், ஓஎல்இடி பேனல்ல கையே வைக்க முடியாது, போச்சுன்னா முழு பேனல்தான். கம்பெனி சர்வீஸ் உங்க ஊருக்கு வருமா, மதுரைக்கோ திருநெல்வேலிக்கோ நீங்க தூக்கிட்டு போகணுமா, இதையும் கேட்டுட்டு எடுங்க.

4கே, எச்டிஆர் பத்தி ரெண்டு வார்த்தை. கேபிள்ல சாதா சேனல் வர்றது 720க்கு 576 புள்ளி, 4கே டிவில இருக்கிறது 3840க்கு 2160 புள்ளி, அதாவது இருபது மடங்கு புள்ளிய டிவி தானா கற்பனை பண்ணி நிரப்பணும், டிவி பெருசாக பெருசாக அந்த சேனல் மொழுமொழுன்னு தெரியும். பழைய 21 இஞ்ச் பிக்சர் ட்யூப்ல நல்லா இருந்துச்சே, புது 55 இஞ்ச்ல ஏன் மங்கலா இருக்குன்னு கேக்குறவங்களுக்கு பதில் அதுதான், டிவில கோளாறு இல்ல. வீட்ல நெட் இருக்கு, படமெல்லாம் ஆப்லதான் பாப்போம்னா 4கே எடுங்க, வெறும் சாதா கேபிள் மட்டும்தான்னா பெரிய சைஸுக்கு காசு போடாதீங்க, இல்ல மாசம் கொஞ்சம் கூட குடுத்து எச்டி சேனலாவது போடுங்க. எச்டிஆருங்கிறது வெளிச்சத்தோட விளையாட்டு, அந்த படங்கள 1000 நிட்ஸ் (நிட்ஸ்னா பிரகாசத்த அளக்கிற அளவு) வரைக்கும், சிலத அதுக்கு மேலயும் நினைச்சு தயார் பண்றாங்க, கம்மி விலை டிவி 250, 300 நிட்ஸ்தான் தரும், எச்டிஆர் சிக்னல வாங்கிக்கும், காட்ட முடியாது. பெட்டிமேல எச்டிஆர்னு போட்டிருக்கும், எத்தனை நிட்ஸ்னு போட்டிருக்காது. 120 ஹெர்ட்ஸ், அதாவது ஒரு செகண்டுக்கு ஸ்க்ரீன்ல எத்தனை தடவை படம் மாறுதுங்கிற கணக்கு, அதுவும் அப்படித்தான், "மோஷன் ரேட் 120"னு போட்டிருந்தா பேனல் பெரும்பாலும் 60தான், பேனலோட சொந்த ஹெர்ட்ஸ் எவ்வளவுன்னு தனியா கேளுங்க.

ஷோரூமுக்கு போறவங்க ஒன்னு பண்ணுங்க. அங்க ஓடுறது எல்லாம் அந்த கம்பெனியே எடுத்த 4கே வீடியோ, பூ, மீன், பெயிண்ட் துளி, எந்த டிவிலயும் நல்லாத்தான் தெரியும், டிவியும் கடை மோடுல முழு பிரைட்னஸ்ல கண்ணு கூசற மாதிரி வச்சிருப்பாங்க. நீங்க வீட்ல பாக்குற படத்துல ஒரு ராத்திரி சீன பென் டிரைவ்ல போட்டு கொண்டு போங்க, பிக்சர் மோட விவிட்ல இருந்து சினிமாவுக்கு மாத்த சொல்லுங்க, அப்புறம் நேரா நின்னு பாத்துட்டு ரெண்டு எட்டு பக்கவாட்டுல நகந்து பாருங்க, கடைல செட் டாப் பாக்ஸ் இருந்தா ஒரு சாதா சேனல் போட சொல்லுங்க. மாட்டேன்னு சொல்ற கடைல வாங்காதீங்க, வேற கடை இருக்கு. வீட்டுக்கு வந்ததும் டிவி கேக்கும், வீடா கடையான்னு, வீடுன்னு குடுங்க, பேக்லைட்ட நூறுல இருந்து அறுபது எழுபதுக்கு இறக்குங்க, கண்ணுக்கும் நல்லது, ஸ்ட்ரிப்பும் சூடு கொறஞ்சு கூட நாள் ஓடும், நாங்க ரிப்பேர் பண்ணி குடுக்கும்போதும் மொத வேலையா அததான் பண்றோம். ஈரத்துணிய ஸ்க்ரீன்ல பிழியாதீங்க, ஸ்ப்ரே அடிக்காதீங்க, தண்ணி வழிஞ்சு கீழ் ஓரத்துல இருக்கிற அந்த பிலிம் ஒயருக்குள்ள போனா கோடு கோடா விழும், அதுக்கு வைத்தியம் இல்ல.

இத ஏன் இவ்வளவு அழுத்தமா எழுதுறேன்னா, 2006ல அரசாங்கம் இலவச கலர் டிவி குடுக்க ஆரம்பிச்சப்ப எங்க பக்கத்துல எத்தனையோ வீட்டுக்கு அந்த 14 இஞ்ச்தான் மொத கலர் டிவி, அந்த வீட்டுப் பிள்ளைங்கதான் இன்னைக்கு சம்பாதிச்சு அப்பா அம்மாவுக்கு பெரிய டிவி வாங்கி குடுக்குறாங்க, தீப்பெட்டி ஆபீஸ் போனஸ்லயும் தவணையிலயும் வாங்குறது. 2025 செப்டம்பர் 22ல இருந்து 32 இஞ்சுக்கு மேல இருக்கிற டிவிக்கும் ஜிஎஸ்டி 28 சதவீதத்துல இருந்து 18க்கு வந்துருச்சு, வரி இல்லாம 25,000 விலைன்னா முன்னாடி 32,000, இப்ப 29,500. 43 இஞ்ச், 55 இஞ்ச் எடுக்கிறவங்க கூடிருக்காங்க, நல்ல விஷயம். அந்த மிச்சமான 2,500 நல்ல பேனலுக்கு போகணும், பேருல இருக்கிற எழுத்துக்கு போகக் கூடாது. என்ன கேட்டா, சாதாரண குடும்பத்துக்கு நல்ல சர்வீஸ் இருக்கிற கம்பெனியோட 43 இஞ்ச் டைரக்ட் லைட் 4கே, உக்கார்ற எடத்த பாத்து ஐபிஎஸ் இல்ல விஏ, இது போதும், பத்து வருஷம் ஓட்டலாம். ராத்திரி சினிமாவுக்காகவே வாழ்றவங்க ஓஎல்இடி எடுங்க. வெளிச்சமான பெரிய ஹாலும் கையில காசும் இருந்தா மினி எல்இடி, எத்தனை பகுதின்னு கேட்டுட்டு.

என் கோரிக்கை இதுதான். டிவிக்கு பிஇஇ, அதாவது மத்திய அரசோட மின்சார சிக்கன அமைப்பு குடுக்கிற ஸ்டார் ஸ்டிக்கர் கட்டாயம், வருஷத்துக்கு எத்தனை யூனிட் எடுக்கும்னு அதுல இருக்கு, சாதாரண ஜனங்க கூட ஸ்டார எண்ணி பாத்து வாங்க பழகிட்டாங்க. அதே மாதிரி பெட்டிமேலயும் விளம்பரத்துலயும் அஞ்சு விஷயம் கட்டாயமா இருக்கணும், பேனல் எல்சிடியா ஓஎல்இடியா, எல்சிடின்னா ஐபிஎஸ்ஸா விஏவா, பேக்லைட் எட்ஜா டைரக்ட்டா லோக்கல் டிம்மிங்னா எத்தனை பகுதி, எத்தனை நிட்ஸ், பேனலோட சொந்த ஹெர்ட்ஸ். தமிழ்நாட்டுல விக்கிற பெட்டில தமிழ்லயும் இருக்கணும். 2019 நுகர்வோர் பாதுகாப்பு சட்டத்துல தப்பான எண்ணத்த உண்டாக்குற விளம்பரத்த தடுக்க வழி இருக்கு, அதுக்குன்னு மத்திய ஆணையமும் 2020ல இருந்து இருக்கு, எல்சிடிய எல்இடின்னு விக்கிறத அவங்க எடுத்து பாக்கணும். எல்இடின்னு சொன்னத நம்பி வேற எதையோ எதிர்பாத்து வாங்கினவங்க தேசிய நுகர்வோர் உதவி எண் 1915க்கு போன் பண்ணி புகார பதிவு பண்ணுங்க, புகார் சேந்தாதான் அசைவாங்க.

உங்க பேப்பருக்கும் ஒரு வேண்டுகோள் ஐயா. விளம்பரம் வாங்காதீங்கன்னு நான் சொல்லல, பேப்பர் நடத்தணும்ல. ஆனா டிவி விளம்பரம் குடுக்கிற கடைகள்ட்ட, ஒவ்வொரு மாடல் பேருக்கு கீழயும் பேனல் வகை, பேக்லைட் வகைன்னு ரெண்டே ரெண்டு வரி சின்ன எழுத்துலயாவது போட சொல்லி கேளுங்க, நீங்க கேட்டா போடுவாங்க. பொங்கல் விளம்பரம் புக் பண்ண இன்னும் நாள் இருக்கு, இந்த தடவையே ஆரம்பிக்கலாம்.

இப்படிக்கு,
டிவி மெக்கானிக் ஒருவர்,
கோவில்பட்டி.